பழைய நகை, காசு, கலைப்பொருள்: கண்காட்சியில் முதல் மேசை போடுபவர்களுக்கு

பெரியம்மா காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. உள்ளே ஆச்சி காதில் போட்டிருந்த பாம்படம் ஒரு ஜோடி, கல் வைத்த அட்டிகை, வெள்ளிக் கொலுசு, குங்குமச் சிமிழ், சுருக்குப் பை நிறைய வெள்ளி ரூபாய், இரண்டு பேனா, ஒரு கட்டுத் தபால்தலை, புலிநகம் கோத்த குழந்தைச் சங்கிலி. கடைத்தெருவில் நான்கு இடத்தில் கேட்டேன். எல்லாரும் உருக்கும் விலைதான் சொன்னார்கள். நாணயம், தபால்தலை, பழம்பொருள் எல்லாம் சேர்த்து நடத்தும் கண்காட்சியில் மேசை போட்டால் பொருளின் அருமை தெரிந்தவர்கள் வருவார்கள் என்று ஒருவர் சொல்ல, அவசரமாகப் பணம் கட்டி மேசை வாங்கிவிட்டேன்.

முதல் நாள் பத்து மணிக்குள், பக்கத்து மேசைப் பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, அதையும் இதையும் உள்ளே எடுத்து வைங்க, கேஸ் ஆகிடும்" என்றார். மூன்று பொருளை அப்படி எடுத்து வைத்தேன். சரியாக விலை சொல்லத் தெரியாமல் இன்னும் இரண்டை இழந்தேன். அதற்குப் பிறகு ஆறு மேசை போட்டாயிற்று. அந்த முதல் நாள் எனக்குத் தெரியாமல் இருந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. பெட்டியைக் கொட்டிப் பிரியுங்கள் (மூன்று மாதம் முன்பே)

மேசைக்குப் பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. விற்கக்கூடாதவை, அனுமதி இருந்தால்தான் விற்கலாம் என்பவை, தாராளமாக விற்கலாம் என்பவை என்று மூன்று குவியல் போடுங்கள்.

முதல் குவியலில் யானைத் தந்தமும் புலிநகமும் வரும். தந்த வளையல், தந்தப் பிடி போட்ட கத்தி, தந்தச் சீப்பு எதுவானாலும் சரி. தாத்தா காலத்தது, அப்போது சட்டம் இல்லை என்ற பேச்சு எடுபடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த வியாபாரத்துக்கு இடமே கிடையாது. புலிநகம் என்று விற்பதில் பாதிக்கு மேல் மாட்டுக் கொம்பில் சீவியது என்பார்கள். போலியே ஆனாலும் மேசையில் வேண்டாம், அதை நிரூபிக்கும் அலைச்சல் உங்களுக்குத்தான். எங்கள் சங்கிலியில் இருந்த நகத்தைக் கழற்றி வனத்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்தேன். சங்கிலியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

செல்லாத பழைய 500, 1000 ரூபாய் நோட்டும் அதே குவியல்தான். 2017இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. சாதாரணமாகப் 10 நோட்டுக்கு மேல் கையில் இருக்கக்கூடாது. ஆய்வுக்கோ நாணயச் சேகரிப்புக்கோ என்றால் 25 வரை. விலக்கு வைத்திருப்பதற்குத்தான், கைமாற்றுவதற்கு இல்லை. மீறினால் 10,000 ரூபாய் அல்லது நோட்டின் மதிப்பைப்போல ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம். ஒரு ஆயிரம் ரூபாய் நோட்டை 'ஞாபகார்த்தம்' என்று சீட்டு ஒட்டி முன்வரிசையில் வைத்திருந்தேன். பெரியவர் முதலில் எடுக்கச் சொன்னது அதைத்தான்.

இரண்டாவது குவியலில்தான் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். நூறு ஆண்டு தாண்டிய சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் மட்டுமல்ல, காசும் 'தொல்பொருள்' என்ற விளக்கத்தில் வருகிறது. ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதி போன்றவற்றுக்கு 75 ஆண்டே போதும். இவற்றை வியாபாரமாக விற்க 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி உரிமம் வேண்டும். கல், உலோகச் சிலைகள், ஓவியம், மரச் செதுக்கு போன்ற சில வகைகளை வீட்டில் வைத்திருந்தாலே தொல்லியல் துறையில் பதிவு செய்ய வேண்டும். விக்டோரியா ரூபாயை எல்லாரும் மேசையில் வைக்கிறார்களே என்பீர்கள். வைக்கிறார்கள்தான். ஆனால் முதல் மேசை போடுபவருக்கு என் யோசனை, நூறு ஆண்டுக்கு உட்பட்டதை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். தொழிலாகச் செய்வதென்று முடிவான பிறகு உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். பழைய சாமி சிலை எதுவும் வேண்டவே வேண்டாம், எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.

2. தங்கமும் வெள்ளியும்: எடையில்தான் ஏமாற்றம்

பாம்படத்தின் கதையைச் சொல்கிறேன். பார்க்க நல்ல கனமாக இருக்கும். ஆனால் அது முழுத் தங்கம் கிடையாது. மெல்லிய தங்கத் தகட்டை உருட்டியும் மடித்தும் உருவம் செய்து, நசுங்காமல் இருக்க உள்ளே அரக்கை நிரப்பியிருப்பார்கள். என் மேசைக்கு வந்த ஒருவர் அதை எடுத்து நகத்தால் தட்டினார், காதருகே வைத்துக் குலுக்கினார், "அரக்குக்குப் பாதி கழிச்சிக்கலாம்" என்றார். பாதியா கால்வாசியா என்று எனக்கு எப்படித் தெரியும்? உடைத்து உருக்கினால்தான் தெரியும். உருக்கிய பிறகு அது பாம்படமும் இல்லை.

அன்று விற்காமல் வந்ததுதான் நல்லதாயிற்று. ஊரில் பழைய வேலை தெரிந்த ஆசாரி ஒருவரிடம் காட்டினேன். இந்த மாதிரி பொருளைக் கிராம் கணக்கில் பேசவே கூடாது, ஜோடி விலைதான் பேச வேண்டும் என்றார் அவர். அடுத்த கண்காட்சியில் சீட்டில் இப்படி எழுதினேன்: 'பாம்படம், ஜோடி. தங்கத் தகடு, உள்ளே அரக்கு. மொத்த எடை இவ்வளவு. 1940களில் செய்தது. அணிந்தவர் படம் உண்டு.' ஆச்சி அதைப் போட்டுக்கொண்டு நிற்கும் படத்தைப் பிரதி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். உருக்க வருபவர்கள் அந்தச் சீட்டைப் பார்த்துத் தள்ளிப் போனார்கள். சேகரிப்பவர் ஒருவர் வாங்கினார். பழைய நகைக்குக் குடும்பப் படம் ஒன்று இருந்தால், அது வயதுக்கும் சாட்சி, உங்கள் வீட்டுப் பொருள் என்பதற்கும் சாட்சி. அசல் படத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

மற்ற தங்க நகைகளை ஹால்மார்க் மையத்திலோ நகை சோதிக்கும் கடையிலோ கொடுத்து மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, பார்த்துச் சீட்டு வாங்குங்கள். செலவு சில நூறு ரூபாய்க்குள் முடியும். அங்கே சோதிக்கும் எக்ஸ்ரே இயந்திரம் மேல்பரப்பைத்தான் படிக்கும். முலாம் பூசியதற்கும் பற்றவைப்பு அதிகம் உள்ள பழைய வேலைக்கும் அந்தச் சீட்டை முழுதாக நம்பக்கூடாது. சந்தேகம் வந்தால் உரைகல்லில் உரைத்தும் பாருங்கள். சீட்டில் இல்லாத '916'ஐ வாயால் சொல்லாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கும் தங்க நகைக்கு எச்யூஐடி என்ற ஆறு இலக்க ஹால்மார்க் அடையாள எண் கட்டாயம். ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களுக்கும், குந்தன், போல்கி, ஜடாவ் என்னும் கல் பதித்த நகை வகைகளுக்கும் விலக்கு இருக்கிறது. எண் இல்லாத பழைய நகை என்றால் 'ஹால்மார்க் இல்லை' என்று சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

கல் நகையைத் தண்ணீரில் போடாதீர்கள். பூந்திக்கொட்டை ஊறவைத்து நுரையில் கழுவுவது சாதாரணத் தங்கத்துக்குச் சரி. பின்பக்கம் மூடிப் பதித்த கெம்பு நகையில் கல்லுக்கு அடியில் பளபளக்கும் மெல்லிய தகடு இருக்கும். தண்ணீர் உள்ளே போனால் அது கறுத்து, கல்லும் செத்துப்போகும். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டாலே போதும்.

3. காசைத் தேய்க்கவே கூடாது

வெள்ளி ரூபாய்களை நான் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுபோனேன். குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்கும் செய்தேன், அவ்வளவுதான் அன்று தெரிந்தது. வந்த சேகரிப்பாளர்கள் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, மெல்லிய கீறல்களைக் காட்டி, "கழுவிட்டீங்களே" என்று வருத்தப்பட்டுக் கீழே வைத்தார்கள். பல ஆண்டுகளில் தானாக ஏறிய அந்த நிறத்துக்குத்தான் சேகரிப்பாளர் பணம் கொடுக்கிறார். அது போய்விட்டால் காசு வெள்ளி விலைக்கு இறங்கிவிடும். விளிம்பைப் பிடித்து எடுங்கள், முகத்தைத் தொடாதீர்கள், ஒட்டும் டேப் எதிலும் படவிடாதீர்கள்.

அடி விலை தெரிந்துகொள்ள ஒரு கணக்கு. பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். 1939 வரைக்கும் அதில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது சுமார் 10.7 கிராம். 1940 முதல் 1945 வரை வந்ததில் பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். 1946, 1947 ரூபாய்கள் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். அந்த இரண்டு ஆண்டைத் தவிர எந்த பிரிட்டிஷ் இந்திய ரூபாய் காந்தத்தில் ஒட்டினாலும் போலி. 1939ஆம் ஆண்டு ரூபாய் அரிது, அதனாலேயே போலியும் அதிகம். உங்கள் பையில் ஒன்று இருந்தால் தெரிந்தவரிடம் காட்டாமல் விலை சொல்லிவிடாதீர்கள்.

அடிக்கடி வரும் மூன்று ஏமாற்றங்கள்: ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818 என்று எழுதி ராமர், அனுமன் உருவம் போட்ட காசு கம்பெனி வெளியிட்டதே இல்லை, பின்னாளில் செய்த வில்லை. 1948இல் வந்த காந்தி 10 ரூபாய் தபால்தலையில் போலிகள் ஏராளம். பித்தளைக் குழல் வைத்த கிராமபோன்களில் பல, புதிதாகப் பூட்டிப் பழசாக்கியவை. நீங்களே ஏமாந்து வாங்கியிருந்தாலும் அசல் என்று சொல்லி விற்றால் பழி உங்கள் மேல்தான் வரும்.

4. காகிதங்கள் (ஒரு மாதம் முன்பு முடியட்டும்)

கோப்பு ஒன்று போட்டு மேசைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

• பொருள் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எண், எடை, படம். இரண்டு பிரதி, ஒன்று வீட்டில் இருக்கட்டும்.
• பரம்பரைப் பொருள் என்றால் உயில் அல்லது குடும்பத்தார் எல்லாரும் கையெழுத்திட்ட ஒப்புதல். வெள்ளைத் தாளில் எழுதியதானாலும் பரவாயில்லை. விற்ற பிறகு 'என் பங்கு எங்கே' என்று வரும் சண்டைகளைப் பார்த்திருக்கிறேன்.
• வெளியில் வாங்கியது என்றால் வாங்கிய சீட்டு, விற்றவரின் கையெழுத்து, அடையாள அட்டை நகல்.
• ஆதார், பான், மேசைக்குப் பணம் கட்டிய ரசீது.
• ரசீதுப் புத்தகம், கார்பன் தாளோடு.

மூன்றாவதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலோ வாங்கினாலும் சீட்டு கேளுங்கள். தராவிட்டால் விற்றவரின் பெயர், இடம், தேதியை நீங்களே எழுதி அங்கேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது குற்றம். காகிதம் இல்லாத இடத்தில் உங்கள் நல்லெண்ணத்தை யார் நம்புவார்? 'ஆற்றுமணலில் கிடைத்தது', 'வீடு கட்டத் தோண்டினபோது வந்தது' என்று காசு கொண்டுவருபவரிடம் வாங்கவே வேண்டாம். மண்ணுக்குள் கிடைத்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

ஜிஎஸ்டி பற்றி எல்லாரும் கேட்பார்கள். வீட்டு நகையை வியாபார நோக்கமில்லாமல் விற்றால் அது பிரச்சினை இல்லை. வாங்கி விற்கத் தொடங்கினால் வியாபாரம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம். பதிவு செய்தவர்கள் பழைய பொருளுக்கு 'மார்ஜின்' முறையைத் தேர்ந்தால், உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டிய வரியை) திரும்பக் கேட்காத வரையில், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டலாம்.

வெளிமாநிலக் கண்காட்சிதான் பொறி. பெங்களூரு, கொச்சி, புதுச்சேரியில்கூட, அங்கே கடை இல்லாத வியாபாரி மேசை போட்டால் 'தற்காலிக வரிதாரர்' ஆகிவிடுகிறார். 40 லட்ச வரம்பு அங்கே பொருந்தாது. வியாபாரம் தொடங்க ஐந்து நாளுக்கு முன்பே விண்ணப்பித்து, உத்தேச வரியை முன்பணமாகக் கட்ட வேண்டும். பதிவு 90 நாள் செல்லும். கைவினைப் பொருளுக்குச் சில சலுகைகள் உண்டு, ஆடிட்டரிடம் கேளுங்கள். முதல் இரண்டு மூன்று மேசையைச் சொந்த மாநிலத்திலேயே போடுவது நிம்மதி.

எடை போட்டு விற்பதானால் தராசில் எடையளவு ஆய்வாளரின் முத்திரை இருக்க வேண்டும். சமையலறை டிஜிட்டல் தராசைக் கொண்டுவந்து வைக்காதீர்கள்.

தேர்தல் நடத்தை விதி நடப்பில் இருக்கும் வாரங்களில் கண்காட்சி வந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோய்க் கணக்குக் காட்ட முடியாவிட்டால் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும். நகைக்கும் ஆவணம் கேட்பார்கள். மேலே சொன்ன பட்டியலும் ரசீதுப் புத்தகமும்தான் அப்போது உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

5. மேசை எடுப்பது

பெரும்பாலும் வெள்ளி முதல் ஞாயிறு வரை, ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கும். வாசலுக்குப் பக்கத்து மேசைகளைப் பழையவர்கள் ஆண்டுக்கணக்கில் பிடித்து வைத்திருப்பார்கள். அதனால் அறிவிப்பு வந்த வாரமே கேளுங்கள். பணம் கட்டும் முன் இவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: மேசை நீளம் எத்தனை அடி, விளக்குக்கு மின் இணைப்பு உண்டா, கண்ணாடிப் பெட்டி தருவார்களா, இரவில் பொருளை உள்ளே வைக்கலாமா, காவல் யார் பொறுப்பு, ரத்தானால் பணம் திரும்பி வருமா. கடைசிக் கேள்வியைக் கேட்காமல் ஒருமுறை முழு வாடகையையும் இழந்தேன்.

செலவுக்கு என் முதல் கணக்கு இது: மேசை வாடகை 4,000, கண்ணாடிப் பெட்டி இரண்டு வாடகைக்கு 1,200, பேருந்தும் ஆட்டோவும் 1,900, தங்கும் அறை இரண்டு இரவு 2,400, சாப்பாடு, சீட்டு, விரிப்பு எல்லாம் சேர்த்து 1,500. ஆக 11,000. பெரிய ஊரில் மேசை வாடகை மட்டுமே இதில் பாதியைத் தாண்டலாம். குறைந்தது மொத்தச் செலவின் மூன்று மடங்குக்கு விற்கும் சரக்கு இல்லையென்றால் தனி மேசை வேண்டாம். இன்னொருவரோடு பாதி மேசை பகிருங்கள்.

6. விலைச்சீட்டு

எல்லாப் பொருளிலும் விலை எழுதியிருக்க வேண்டும். விலை தெரியாத பொருளைப் பலர் கேட்காமலே கடந்துபோகிறார்கள். சீட்டின் பின்பக்கம் உங்கள் அடி விலையை உங்களுக்கு மட்டும் புரியும் எழுத்துகளில் குறித்துக்கொள்ளுங்கள். பேரத்தின் நடுவில் மனக்கணக்கு ஓடாது. பத்து சதவீதம் குறைக்கும்படியாக விலை போட்டால் பேசுவதற்கு இடம் இருக்கும். வெடிப்பு, ஒட்டுவேலை, மாற்றிய கல், புதிதாகப் போட்ட கொக்கி எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதிய குறைக்கு யாரும் திரும்ப வந்து சண்டை போட்டதில்லை.

ஐம்பது, நூறு ரூபாய்க்குச் சின்னப் பொருள்கள் ஒரு தட்டு நிறைய வையுங்கள். ஓட்டைக் காலணா, பழைய தீப்பெட்டிப் படம், பித்தளைப் பொத்தான் எதுவானாலும் சரி. பள்ளிப் பிள்ளைகள் அங்கேதான் நிற்பார்கள். அவர்களோடு வரும் அப்பாக்கள் மற்றதையும் பார்ப்பார்கள்.

7. மேசையில் இருக்கும்போது

பொருள் அடுக்கும் மாலையிலேயே மற்ற மேசைக்காரர்கள் வந்து மொத்த விலை கேட்பார்கள். கதவு திறப்பதற்குள் நல்ல பொருளெல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும். மறுநாள் அதே பொருள் மூன்று மேசை தள்ளி இரண்டு மடங்கு விலையில் இருப்பதைப் பார்ப்பீர்கள். அது அவர்கள் தொழில், அதில் தப்பில்லை. நீங்கள் மட்டும் மற்ற மேசைகளை ஒரு சுற்றுச் சுற்றி விலை பார்க்காமல் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

தனியாகப் போகாதீர்கள். கூட ஒருவர் இருந்தால்தான் சாப்பிட, கழிவறைக்குப் போக முடியும். ஒரு நேரத்தில் ஒரு நகையை மட்டும் வெளியே எடுங்கள், அது பெட்டிக்குள் திரும்பிய பிறகே அடுத்தது. இரண்டு பேர் ஒன்றாக வந்து ஒருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால், மற்றவர் கையைப் பாருங்கள். யுபிஐயில் அனுப்பிவிட்டேன் என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், உங்கள் வங்கிச் செய்தி வந்த பிறகே பொருளைக் கொடுங்கள். மண்டபத்துக்குள் சிக்னல் கிடைக்காது என்பதை முன்பே யோசித்து, இரண்டு நிறுவன சிம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். இரண்டு ரசீதாகப் பிரித்துப் போடுங்கள் என்று சொல்பவர்களுக்குத் தலையாட்டாதீர்கள்.

இன்னொன்று. கண்காட்சியில் எண்ணைக் கொடுத்தால் சில நாள் கழித்து, 'உங்கள் காசுக்குப் பல லட்சம் தருகிறோம், ரிசர்வ் வங்கிக் கட்டணம் மட்டும் முதலில் கட்டுங்கள்' என்று அழைப்பு வரும். ரிசர்வ் வங்கி இந்த வியாபாரத்தில் இல்லை, யாரையும் கட்டணம் வசூலிக்க அனுமதிக்கவும் இல்லை என்று அதுவே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. பட்டென்று வைத்துவிடுங்கள்.

8. வெளிநாட்டுக்கு அனுப்பச் சொன்னால்

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருபவர்கள் ஆசையாக வாங்குவார்கள், கூரியரில் அனுப்பச் சொல்வார்கள். நூறு ஆண்டு தாண்டிய பொருளைத் தனிநபர் நாட்டைவிட்டு அனுப்பக்கூடாது. சிறைத்தண்டனைக் குற்றம் அது. புதிய பொருள்தான், ஆனால் பழசுபோல் தெரிகிறது என்றால், இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் வாங்கிய பிறகே அனுப்புங்கள். சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. விமானத்துக்கு நாளை கிளம்புகிறேன் என்பவரிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

9. வீடு திரும்பிய வாரம்

பட்டியலில் விற்றதை அடித்து, ரசீது எண்ணை எதிரே எழுதுங்கள். ரொக்கத்தை வங்கியில் போடுங்கள். பரம்பரை நகையை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. பெரியவர்கள் வைத்திருந்த காலத்தையும் சேர்த்து 24 மாதத்துக்கு மேல் என்றால் 12.5 சதவீதம். 2001 ஏப்ரல் 1க்கு முன் குடும்பத்துக்கு வந்த நகை என்றால், அந்தத் தேதியின் சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மதிப்பீட்டாளர் சான்று வேண்டும், விற்பதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். பாம்படம் கைமாறிய பிறகு யாரிடம் எதைக் காட்டி மதிப்பீடு வாங்குவது என்று அலைந்தபோது, கடைசியில் கைகொடுத்தது சோதனைச் சீட்டும் பட்டியலுக்கென்று எடுத்த நான்கு படமும்தான்.